தேத்தாங்கொட்டை உரசிய ஞாயிற்றுக்கிழமை

என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை நடக்கிறது. திருந்தினாள் – திருத்தினாள், உருண்டாள் – உருட்டினாள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவள், தேறினாள் – தேற்றினாள் என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, இதற்கு ஒரு வாக்கியம் சொல் என்றாள். "அம்மா தண்ணீரைத் தேற்றினாள்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அழுகிறவர்களைத்தான் தேற்றுவார்கள், தண்ணீர் எதற்கு அழப்போகிறது என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தேனியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் சுவரில் ஒரு இயந்திரம் மாட்டியிருக்கிறது. குழாயைத் திருகினால் கண்ணாடி மாதிரித் தண்ணீர் வரும். கலங்கல் தண்ணீரை அவள் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

என்னிடம் இருக்கும் பழைய அகராதியை எடுத்துக் காட்டினேன். தேறு என்பதற்குத் தெளிதல் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழேதான் நோயிலிருந்து எழுவது, துக்கம் ஆறுவது, பரீட்சையில் பாஸாவது எல்லாம் வரிசை கட்டி நின்றன. ஆறு, ஆற்று மாதிரி. மாறு, மாற்று மாதிரி. தானாகத் தெளிந்தால் தேறு, ஒருவர் உட்கார்ந்து தெளிய வைத்தால் தேற்று. தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பெயராம். குடித்தவனுக்குப் போகிற தெளிவை, குடிக்கப்பட்டதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். தண்ணீரைத் தெளிய வைக்கும் கொட்டை காய்க்கிற மரம் தேற்றா மரம். அதற்கு இல்லம் என்று இன்னொரு பழைய பெயரும் போட்டிருந்தது. மரத்திலிருந்து சொல் வந்ததா, சொல்லிலிருந்து மரத்துக்குப் பெயர் வந்ததா என்று மகள் கேட்டாள். சொல்தான் மூத்ததாக இருக்கும் என்றேன். கொட்டையைக் கண்டுபிடிக்கும் முன்பே உலகத்தில் கலங்குவதும் தேறுவதும் நடந்திருக்கும் அல்லவா? அவள் கடைசியில் "தோழியைத் தேற்றினாள்" என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க என் ஒன்பதாவது வயதில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மனதை விட்டுப் போகவில்லை.

அப்போது நாங்கள் கடமலைக்குண்டில் இருந்தோம். ஐப்பசி மழையில் மூல வைகை பெருகிவிட்டால் எங்கள் ஊர்க் குழாயில் டீ வரும். பால் ஊற்றாத டீ என்று நினைத்துவிட வேண்டாம், நல்ல கெட்டியான டீதான். ஒரு சொம்பு பிடித்து வைத்தால் அடியில் அரை விரல்கடை வண்டல் நிற்கும். படிகாரம் போட்டாலும் தெளியும். ஆனால் எங்கள் வீட்டில் படிகாரம் அப்பா சவரம் செய்துகொள்வதற்கு. தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டைதான். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளாக இருக்கும். ஆண்டிபட்டி நாட்டுமருந்துக் கடையில் பொட்டலமாக வாங்கி வைத்திருப்போம். ஒரு கொட்டையைச் சொரசொரப்பான கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு உரசினால் சந்தனம் மாதிரி விழுது வரும். அதைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சுற்றுக் கலக்கி, மூடி வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் கிட்டப் போகக் கூடாது. "தேறுற தண்ணிகிட்ட மூச்சுக்கூடப் பலமா விடக் கூடாது" என்பது அம்மாவின் சட்டம். உரசுகிற வேலை எனக்கு, சட்டம் போடுகிற வேலை அவளுக்கு.

அந்தச் சனிக்கிழமை கூடலூரிலிருந்து மாமி போனில் பேசினாள். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கூடலூரில் சொந்தமாக வீடு கட்டி முடித்துவிட்டார். பால் காய்ச்சப் போகிறார்கள். தங்கச்சி வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்க மறுநாள் வருகிறார். இத்தனையும் நல்ல செய்திதான். ஆனால் மாமி கடைசியில் சொன்னதை அம்மா அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தபோது அவள் குரல் உள்ளே போய்விட்டது.

"வாசல்ல நின்னு குடுத்துட்டு அப்பிடியே திரும்பிருவேன்னு சொல்றாகளாம். பச்சத்தண்ணி பல்லுல படாதாம்."

"ஒங்கண்ணன் தேற மாட்டாரு" என்று அப்பா தோப்புக்குக் கிளம்பிவிட்டார்.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் தம்பிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமா கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் வைத்திருந்தார். அன்றைக்கென்று அது காலையில் ஆள் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் குமுளி மலையில் நின்றுபோனது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று பூசாரி அவசரப்படுத்த, அப்பா வேறொரு சொந்தக்காரர் மடியில் தம்பியை உட்கார வைத்துக் காதைக் குத்தி முடித்துவிட்டார். கையெல்லாம் கிரீஸோடு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு மாமா வந்து இறங்கியபோது தம்பி அழுது ஓய்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தான். இனி இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று மாமா தட்டை வைத்துவிட்டுப் போனவர்தான். இரண்டு வருடம் அம்மா அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் எங்கள் வீட்டில் கை நனைக்காதவரை அவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகக் கூடாது என்பது அப்பாவின் முடிவு. ஆக, மாமா நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் அம்மா அண்ணன் வீட்டுப் பால் காய்ச்சலுக்குப் போவாள். குடிக்காவிட்டால் போக மாட்டாள். ஒன்பது வயதுக்கு எனக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா என்னை எழுப்பி, சில்வர் அண்டாவைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்து, குழாய்த் தண்ணீரை ரொப்பினாள். அது அம்மா கல்யாணத்துக்கு மாமா சீராகக் கொடுத்த அண்டா. பேர் வெட்டுகிறவன் என்ன நினைப்பில் இருந்தானோ, வெளிப்பக்கம் வெட்டாமல் உள்ளே அடியில், புள்ளி புள்ளியாக "அண்ணன் அன்பளிப்பு" என்று வெட்டியிருந்தான். அந்த எழுத்துத்தான் எங்களுக்கு அளவு. எழுத்துத் தெரிந்தால் தண்ணீர் தேறிவிட்டது என்று அர்த்தம்.

"மெதுவா உரசு. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. எதற்கும் அவசரப்படுகிறவள் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாகப் போனது. ஆற்றில் ஒரு முழு இலவ மரம் மிதந்து போகிறதாம் என்று தெருவே ஓட, நானும் ஓடினேன். மரத்தைப் பார்த்து, அதற்குப் பின்னால் வந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் பார்த்து, திரும்பி வந்து, கொட்டையை உரசி அண்டாவில் கலக்கி முடித்தபோது மணி ஒன்பதரை. மூடப்போகிறேன், வாசலில் ஜீப் சத்தம். மாமா சாயங்காலம் வருவார் என்று நினைத்திருந்தோம். பாலத்தில் தண்ணீர் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று வெள்ளெனக் கிளம்பியிருக்கிறார்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து "வாங்க" என்றார். சண்டைக்காரனாக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாமா பத்திரிகைத் தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு, நிலைக்கு வெளியே ஒரு கால், உள்ளே ஒரு காலாக நின்றார்.

"ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போண்ணே."

மாமா எட்டி அண்டாவைப் பார்த்தார். தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "கலங்கலால்ல கெடக்கு? இன்னொரு நாளைக்குக் குடிச்சுக்கிறேன் ஆத்தா."

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய், பெட்டிக்கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிவந்து மாமா முன்னால் வைத்தார். மாமா அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, "கடத் தண்ணி எங்க ஊர்லயும் விக்கிது. இதுக்காக இம்புட்டுத் தூரம் வரலன்னு ஒங்கப்பாகிட்டச் சொல்லு" என்றார். அப்பா ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். இருந்தாலும் நான் திரும்பி, மாமா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அப்பாவிடம் சொன்னேன்.

"வீட்டுத் தண்ணிதான வேணும்? அரை மணி நேரத்துல தேறிரும். இங்கன ஒக்காருண்ணே" என்று அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். வீட்டுத் தண்ணீர் வேண்டும் என்று மாமா எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் கடைத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி மாட்டிக்கொண்டார்.

"அர மணி. அதுக்கு மேல ஒரு நிமிசம் இருக்க மாட்டேன்" என்று உட்கார்ந்தார்.

அண்டா நடுவில். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மாமா. இருவரும் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்கள், பிள்ளைப்பேற்றுக்கு வெளியே காத்திருக்கிற ஆம்பிளைகளைப் போல. நான் இடையில் தூது. அங்கே மழை எப்படி என்று மாமாவிடம் கேள் என்பார் அப்பா. முல்லையாற்றில் நுரைகட்டித் தண்ணீர் போகிறது என்று அப்பாவிடம் சொல் என்பார் மாமா. நான் இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பி அலுத்துப்போனேன். தோப்புக் கிணற்றில் மோட்டார் தண்ணீருக்குள் முழுகிவிட்டதை அப்பா சொல்லச் சொன்னார். மாமாவுக்கு இயந்திரம் கெட்டுப்போனது என்று காதில் விழுந்தாலே கை துறுதுறுக்கும். "மேல ஏத்துனாகளா, இல்ல அப்பிடியே கெடக்கான்னு கேளு. சுவிட்ச் போட்டுப் பாக்க வேண்டாம்னு சொல்லு, காயில் கருகிப் போயிரும். பிரிச்சு வெயில்ல வைக்கணும், பேரிங்கப் பாக்கணும்" என்று அடுக்கினார். பாதிக்கு மேல் எனக்கு ஞாபகம் நிற்கவில்லை. ஏதோ கருகிப்போனது, அதை வெயிலில் வைக்க வேண்டுமாம் என்று சொன்னேன். மாமா பொறுக்க முடியாமல் அண்டாவைப் பார்த்து மறுபடி முழுசாகச் சொன்னார். அப்பாவும் அண்டாவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

அரை மணி ஒரு மணியாகி, அதற்கு மேலும் ஆனது. மேல் தண்ணீர் வெளுத்து, அடியில் ஒரு "ண" மாதிரித் தெரியத் தொடங்கியது. இருவரும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்கள். "இன்னொரு பத்து நிமிசம்" என்று மாமா எழுந்து, தம்பியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பைப் பார்க்க வெளியே போனார். குத்திய காதை அவர் விரலால் தொட்டுப் பார்த்ததை நான் கவனித்தேன். அப்பா பீடி பற்ற வைக்க அவருக்குப் பின்னாலேயே வாசலுக்குப் போனார். அம்மா என்னைக் கொல்லையில் போய்க் கருவேப்பிலை பறித்துவரச் சொன்னாள்.

கருவேப்பிலையோடு பின்வாசலில் நுழைந்தவள் அப்படியே நின்றேன். அம்மா அண்டா மேல் குனிந்து, நீளக் கரண்டியை அடிவரைக்கும் விட்டு, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்றும் சுற்றினாள். வண்டல் எல்லாம் புகை மாதிரிக் கிளம்பி மேலே வந்தது. கரண்டியை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் பின்வாசலிலேயே நின்றதை அவள் பார்க்கவில்லை.

அண்ணன் வந்த பதற்றத்தில் அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். மூச்சுக்கூட விடக் கூடாது என்கிறவள் வேறு எதற்காகக் கலக்குவாள்?

இருவரும் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்கள். அண்டாவில் மறுபடியும் டீ.

"எவ... எவன் கை வச்சது?" அப்பா வீடே அதிரக் கத்தினார். அவர் கண் நேராக மாமா இடுப்பில் இருந்த தம்பி மேல் போனது. அம்மா அடுப்படி நிலையில் வந்து நின்றாள். சொல்லிவிடுவாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அம்மாதான் என்று தெரிந்தால் அவளை அப்பா திட்டி, அதை மாமா கேட்டு, மறுபடி ஒரு சண்டை வந்து, எல்லாம் போச்சு என்று என் மண்டைக்குள் ஓடியது.

"நான்தான். எழுத்துத் தெரியுதான்னு கைய விட்டுப் பாத்தேன்" என்றேன்.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மாமா தம்பியோடு குறுக்கே வந்து நின்றார்.

"விடுங்க மாப்ள! பச்சப்பிள்ள, ஆசையில கைய விட்டுருச்சு. இதுக்குப் போயி..."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. இரண்டு வருடமாக அவர் வாயில் அந்த மாப்ள வரவில்லை. "ஓம் புருசன்", "ஒங்கப்பா", அவ்வளவுதான். அப்பாவின் ஓங்கிய கை எங்கே போவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தது.

"இல்ல மச்சான்... நீங்க அவசரமாப் போகணுமேன்னுதான்..."

"எங்க போறது? தேறட்டும். அதுக்குள்ள வாங்க, அந்த மோட்டார ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவம்."

இருவரும் ஜீப்பில் ஏறித் தோப்புக்குப் போனார்கள். நான் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அண்டா பக்கம் ஈ கூட வராமல் விசிறிக்கொண்டிருந்தேன். கொட்டை போட்ட தண்ணீர் இரண்டாவது முறை சீக்கிரம் தேறும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் கையெல்லாம் சேறும் கிரீஸுமாக, சத்தமாகப் பேசிக்கொண்டு திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. காது குத்தின அன்று ஜீப்பில் என்ன உடைந்தது என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார், நாழி போயிருச்சேன்னு பதறிட்டேன் மச்சான் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அண்டாவுக்குள் குனிந்தார். "அண்ணன் அன்பளிப்பு" என்று எழுத்துக் கூட்டி வாசித்தார். மேல் தண்ணீரை அலுங்காமல் ஒரு சொம்பு மொண்டு, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வேகமாக உள்ளே போய்விட்டாள். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

குடித்தவர் எப்படிச் சாப்பிடாமல் போவார்? இலை போட்டாயிற்று. நான் மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அம்மா சோற்றை வைத்தாள். மாமா பிசையப் போன கையை நிறுத்திவிட்டுச் சோற்றையே பார்த்தார். ஒரு பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல மாப்ள. சோறு நல்லா வெள்ள வெளேர்னு இருக்கு."

"ரசம் ஊத்தவாண்ணே?" என்றாள் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல். எனக்கு இலையில் கேட்காமலேயே இரண்டாவது அப்பளம் விழுந்தது. எங்கள் வீட்டில் அது நடக்காத காரியம்.

அந்த மாதமே நாங்கள் குடும்பத்தோடு கூடலூர் போய்ப் பால் காய்ச்சலில் கலந்துகொண்டோம். மாமா இப்போதும் வருகிறார், அதே அண்டாவில் மொண்டுதான் குடிப்பேன் என்று அடம்பிடிக்கிறார். நான் கல்யாணமாகி, மழைக்காலத்தில் ஒருநாள் கலங்கல் தண்ணீரில் உலை வைத்து, சோறு செங்கல் நிறத்தில் வடிந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோறு ஏன் வெள்ளையாக இருந்தது என்ற கேள்வியே எனக்கு வந்தது. அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னாள்.

"மொத நாளே ரெண்டு குடம் தேத்தி அடுப்படியில மூடி வச்சிருந்தேன். அத எடுத்து நீட்டிருந்தா, மறுக்க வழியில்லாம நின்னுக்கிட்டே ரெண்டு மடக்குக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருப்பாரு. ஒக்காந்திருப்பாரா? ஒங்கப்பாகிட்டப் பேசிருப்பாரா?"

"என்னை அடி வாங்க விடப் பாத்தியே?"

"ஒங்க மாமா இருக்கையில அடி விழுமா? அதான் ரெண்டு அப்பளம் வச்சேன்ல" என்றாள்.

அம்மா கலக்கியதை நான் இன்றுவரை அப்பாவிடம் சொன்னதில்லை. அன்றைக்கு இரண்டாவது அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, இந்த வீட்டில் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது நான் ஒருத்திதான் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர் இலையில் அந்த வெள்ளைச் சோற்றைப் பிசைந்து, குனிந்த தலை நிமிராமல், இன்னும் கொஞ்சம் போடு ஆத்தா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.